கடன் வாங்கிய சாலை

தைப்பூசத்துக்கு முந்தின இரவு சிராங்கூன் சாலையில் நின்று பாருங்கள். பகலெல்லாம் பஸ்ஸும் டாக்ஸியும் ஓடிய தாரின் மேல் தடுப்புகள் வரிசையாக வந்து இறங்கும். பச்சை, மஞ்சள் சட்டை போட்ட தொண்டூழியர்கள் கையில் பட்டியலோடு நடப்பார்கள். நள்ளிரவு நெருங்கும்போது ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில் வாசலிலிருந்து முதல் பால்குடங்கள் வெளியே வரும். விடிந்தபின் அலகுக் காவடிகள் வரும். மறுநாள் கடைசிக் காவடி டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலைப் போய்ச் சேர்ந்ததும் தடுப்புகள் ஏறிவிடும், சாலை கூட்டிக் கழுவப்படும். அதற்கு அடுத்த காலை, எலுமிச்சைப் பழம் நசுங்கிக் கிடந்த அதே இடத்தில் வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் போகும்.

ஓர் இரவும் ஒரு பகலும் அந்தச் சாலை நமக்குக் கடனாகக் கிடைக்கிறது. கடன் பத்திரம்போல அதற்கும் ஒரு தாள் உண்டு. அதை அனுமதி என்கிறோம். விழாவின் படங்கள் நாளிதழில் வருகின்றன, அந்தத் தாளை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் சிங்கப்பூரில் தமிழர் வாழ்ந்த இருநூறு ஆண்டுக் கதையை அந்தத் தாளை வைத்தே சொல்லிவிடலாம். யார் கொடுத்தார்கள், யார் வாங்கினார்கள், எப்போது மறுத்தார்கள், எப்படி மீண்டும் கிடைத்தது என்று வரிசையாகப் பார்த்தால் நம் கதை முழுவதும் அதில் இருக்கிறது.

முகம் பார்த்துக் கொடுத்த காலம்

சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயில் 1827இல் எழுந்தது. தீமிதி தொடக்கத்தில் அங்கே நடக்கவில்லை. இன்றைய ஆல்பர்ட் ஸ்திரீட் பக்கம் ஒரு வெட்டவெளியில் நடந்தது. அந்த இடத்தைத் தமிழர்கள் தீமிதித் திடல் என்ற பொருளிலேயே நெடுநாள் அழைத்துவந்தார்கள். 1840 முதல் தீமிதி மாரியம்மன் கோயிலுக்குள் வந்தது. 1855இல் சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயில், 1859இல் டேங்க் ரோட்டில் செட்டியார்கள் கட்டிய முருகன் கோயில். இந்த மூன்று கோயில்களையும் இணைக்கும் சாலைகள்தாம் இன்றும் நம் ஊர்வலங்களின் பாதை.

அப்போதைய சிராங்கூன் இப்போது கடைத்தெருவாகத் தெரிகிறதே, அப்படி இல்லை. குதிரைப் பந்தயத் திடல், சுண்ணாம்புக் காளவாய், மாட்டுத் தொழுவம், இடையில் சேறும் புல்லும். அந்த வட்டாரமான தேக்காவுக்கு மலாயில் கண்டாங் கெர்பாவ், எருமைப் பட்டி என்றே பெயர். கூட்டம் கூடுவதற்குத் தெருவை அடைக்க வேண்டிய தேவை குறைவு. வெளி இருந்தது, கூடினார்கள்.

நகரம் வளர வளரத் தெரு ஒரு பொருளானது, அதற்குச் சட்டமும் வந்தது. 1856இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி கொண்டுவந்த காவல், நகராட்சிச் சட்டங்கள் தெருவில் கூடுவதையும் ஊர்வலம் போவதையும் காவலர் கையில் கொடுத்தன. சட்டம் என்ன சொல்கிறது என்பதை மக்களின் மொழியில் யாரும் முறையாக எடுத்துச் சொல்லவில்லை. 1857 ஜனவரி 2ஆம் தேதி சீனர்கள் கடைகளை அடைத்து எதிர்ப்பைக் காட்டினார்கள். அடுத்த மாதமே தெலுக் ஆயரில் தமிழர்கள் கூடிய சமய நிகழ்ச்சி ஒன்றில், தெருவை மறித்து நின்ற கூட்டத்தைக் கலைக்கப்போன காவலர்கள் சுட்டார்கள், உயிர்கள் போயின. கூடியவர்களுக்கு அது திருவிழா. காவலருக்கு அது போக்குவரத்துத் தடை. ஒரே தெருவை இரண்டு பேர் இரண்டு விதமாகப் பார்த்ததன் விலை அது.

அதன்பின் வந்த பல பத்தாண்டுகளில் அனுமதி என்பது ஓர் ஆளின் முகமாகவே இருந்தது. கோயில் நிர்வாகத்தில் ஆங்கிலம் தெரிந்த ஒருவர், துபாஷியோ கிராணியோ, மனு எழுதுவார். மரியாதைப்பட்ட செட்டியார் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு அதிகாரியைப் போய்ப் பார்ப்பார். அதிகாரி நல்லவராக இருந்தால் தலையசைப்பார். சமய அறக்கட்டளைச் சொத்துகளை மேற்பார்வையிட முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் சேர்த்து ஓர் அறக்கட்டளை வாரியத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலனி அரசு அமைத்தது. 1929 முதல் தீபாவளி பொது விடுமுறையானது. அதுவும் ஒருவகையில் அனுமதிதான். ஒரு நாள் முழுவதையும் ஒரு சமூகத்துக்காக ஒதுக்கிவைக்கும் அனுமதி.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முகம் தெரிந்தவனுக்குக் கிடைத்தது, தெரியாதவனுக்கு இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனும் நகராட்சியில் சாலை கூட்டியவனும் யாரிடம் போய் மனுக் கொடுப்பார்கள்? அவர்களுக்காக எழுத ஒரு கை வேண்டியிருந்தது. அந்தக் கை கிடைத்தால்தான் அவர்கள் கும்பிடும் சாமி தெருவுக்கு வர முடிந்தது.

தெரு பயந்த ஆண்டு

1964 ஜூலை 21. நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலம் பாடாங்கிலிருந்து கேலாங்கை நோக்கிப் போனது. வழியில் மூண்ட மலாய், சீனர் மோதல் பல நாள் நகரத்தை உலுக்கியது. 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயம்பட்டார்கள். செப்டம்பரில் இரண்டாம் கலவரம் மூண்டு மேலும் 13 உயிர்கள் போயின. ஓராண்டு கழித்துத் தனிநாடான சிங்கப்பூருக்கு அந்த நினைவு தாய்ப்பாலோடு வந்ததுபோல் ஆயிற்று. தெருவில் சாமி வந்தால் சண்டை வரலாம் என்ற அச்சம் சட்டத்தின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

1964 கலவரத்துக்குப் பின் சமய ஊர்வலங்கள் சாலையில் நடந்து போவது தடைசெய்யப்பட்டது. அந்தத் தடையில் இந்துக்களுக்கு மூன்று விதிவிலக்குகள் மட்டும் கிடைத்தன: தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி. இன்றும் அந்த மூன்றுதான். தைப்பூசமும் தீமிதியும் பெருமாள் கோயிலில் புறப்பட்டு நகரத்தின் நடுவே போகின்றன. பங்குனி உத்திரம் வடக்கே ஈசூனில், ஹோலி ட்ரீ ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்துக்குப் போகிறது. நமக்கு ஏன் இத்தனை கட்டுப்பாடு என்று கேட்பவர்கள், மற்ற சமயத்தாருக்கு இந்த அளவும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

1968இல் பொது விடுமுறைகள் 16லிருந்து 11ஆகக் குறைந்தன. இந்து சமூகத்தால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடிந்தது. தீபாவளியை வைத்துக்கொண்டது, தைப்பூசம் வேலைநாளானது. எல்லைக்கு அப்பால் மலேசியாவில் பல மாநிலங்களில் தைப்பூசத்துக்கு விடுமுறை உண்டு. பத்துமலையில் இரவெல்லாம் உருமி முழங்குகிறது. இங்கே காவடி எடுப்பவர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார். அதே ஆண்டு இயற்றிய சட்டத்தின்கீழ் இந்து அறக்கட்டளை வாரியம் தனியாக உருவானது. விழாவுக்கான அனுமதியைக் கேட்கும் குரல் செட்டியாரின் முகத்திலிருந்து ஓர் அமைப்பின் கடிதத்தாளுக்கு மாறியது.

1973இல் மற்றோர் இழப்பு. போட்டிக் குழுக்கள் ஊர்வலத்தில் மோதிக்கொண்டதைக் காரணம் காட்டித் தைப்பூசப் பாதையில் இசைக்கருவிகள் தடைசெய்யப்பட்டன. கோயிலுக்குள் தவில் ஒலிக்கலாம், சாலைக்கு வந்தால் அமைதி. காவடிச் சிந்தும் உருமியும் பிரிக்க முடியாத பொருள்கள். அலகு குத்திக்கொண்டவனுக்கு வலியைக் கடக்கும் படகு தாளம்தான். அந்தப் படகு இல்லாமல், உறவினர்கள் தொண்டை வற்ற ‘வேல் வேல்’ என்று கத்திக்கொண்டே நாற்பது ஆண்டுக்கு மேல் கூட நடந்தார்கள். இதற்கு விதி எழுதியவர்களை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. தெருவில் தங்களுக்குள் அடித்துக்கொண்டவர்கள் நம்மவர்கள்.

பட்டாசுக் கதையும் இதே தடத்தில்தான் போனது. 1970 சீனப் புத்தாண்டில் பட்டாசு வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். 1972இல் முழுத் தடை வந்தது. தீபாவளிக் காலை வெடிச் சத்தத்தில் எழுந்த ஒரு தலைமுறை மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியது.

தினமும் இருந்த சந்தை, ஆண்டுக்கொரு சந்தை

தீபாவளிச் சந்தையை எடுத்துக்கொள்வோம். இன்று கேம்பல் லேன் பக்கம் கூடாரம் போட்டுச் சில வாரம் நடக்கும் சந்தையைப் பார்க்கிற இளையவர்களுக்கு அது ஒரு சிறப்பு நிகழ்ச்சி. ஐம்பது, அறுபது ஆண்டுக்கு முன் அந்தத் தெருக்களில் அதுதான் அன்றாடம். சிராங்கூன் ஐந்தடி வழியில் பூக்காரர், கச்சான் வறுப்பவர், கிளி சோதிடர், வடை சுடும் அம்மா. சாக்கடை ஓரம் அடுப்பு, தெருக்குழாயில் தண்ணீர். தீபாவளி நெருங்கினால் அதே தெரு கொஞ்சம் தடிக்கும், அவ்வளவுதான். அதற்குத் தனி அனுமதி என்று எவரும் நினைத்ததில்லை.

அறுபதுகளின் கடைசியில் அரசு தெருவோர வியாபாரிகளைப் பதிவுசெய்தது. 1971 தொடங்கி 1986க்குள் ஏறக்குறைய எல்லாரும் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் வசதியுள்ள உணவங்காடிக் கூடங்களுக்குள் மாற்றப்பட்டார்கள். தேக்காவின் புதிய கட்டடம் 1982இல் திறந்தது. 1989இல் இந்தத் தெருக்கள் சேர்ந்த லிட்டில் இந்தியா பாதுகாக்கப்படும் வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அகலமான சாலையும் சுத்தமான ஐந்தடி வழியும் வந்தன, காலராவும் டைபாய்டும் குறைந்தன. தெருவில் அடுப்பு வைப்பது மட்டும் விலக்காகிப்போனது. அதனால்தான் இன்றைக்கு ஒரு சந்தை வேண்டுமென்றால் அதை விண்ணப்பித்து வரவழைக்க வேண்டியிருக்கிறது. நம் பாட்டிமார் கூடையை இறக்கிவைத்த இடத்திலேயே, பேத்தி உரிமத் தாளை மேசையில் ஒட்டிவைத்துக்கொண்டு அதிரசம் விற்கிறாள்.

இன்று ஒரு மேடை எழும்ப

இப்போது ஒரு விழாவின் பின்புறத்தைப் பார்ப்போம். லிட்டில் இந்தியாவில் ஒரு சங்கம் மூன்று நாள் விழா நடத்த நினைக்கிறது. தெருவை மூடி ஒரு மேடை, நாற்பது கடை, கொஞ்சம் ஆடல் பாடல். யார் யாரிடம் போக வேண்டும்?

சாலையை மூடவும் வாகனங்களை வேறு பாதையில் விடவும் நிலப் போக்குவரத்து ஆணையம். கூடாரம் போடும் இடம் அரசு நிலமென்றால் சிங்கப்பூர் நில ஆணையத்திடம் தற்காலிகப் பயன்பாட்டு உரிமம். மேடையும் பெரிய கூடாரமும் காற்றுக்கும் கூட்டத்துக்கும் தாங்குமா என்பதற்குக் கட்டட, கட்டுமான ஆணையம், கையெழுத்துப் போடுவதற்கு ஒரு பொறியாளர். தீயணைப்புக் கருவி, வெளியேறும் வழி, சமையல் வாயு உருளையின் இடம் இவற்றுக்குக் குடிமைத் தற்காப்புப் படை. கடைகள் இருந்தால் தற்காலிகச் சந்தைக்கான அனுமதியும் உணவுக் கடைகளுக்கான உரிமமும் சிங்கப்பூர் உணவு அமைப்பிடம். 2019 ஏப்ரலில் அந்த அமைப்பு உருவாகும்வரை இது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் வேலையாக இருந்தது. மேடையில் நாடகமோ கச்சேரியோ என்றால் கலை நிகழ்ச்சி உரிமத்துக்குத் தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம். மற்றப் பொதுக் கேளிக்கைகளுக்குக் காவல்துறை. இதன் வேர் 1958இன் பொதுக் கேளிக்கைச் சட்டத்தில் இருக்கிறது. கூட்டம், ஊர்வலம் என்றால் 2009இன் பொது ஒழுங்குச் சட்டம். ஒரே நேரத்தில் 5,000 பேருக்கு மேல் கூடும் பொது நிகழ்ச்சியென்றால், 2017 திருத்தத்தின்படி காவல்துறைக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பாதுகாப்பு அதிகாரிகள், பைச் சோதனை, வாகனம் கூட்டத்துக்குள் புகாமல் இருக்கக் கான்கிரீட் தடுப்பு என்று நிபந்தனைகள் வரலாம். 2016இல் பிரான்ஸின் நீஸ் நகரக் கடற்கரைச் சாலையில் லாரி ஏற்றிக் கொன்ற கொடுமைக்குப் பிறகு, உலகத்தின் பல நகரங்கள் திறந்த தெருவில் கூட்டத்தை அப்படியே விட்டுவிடத் துணியவில்லை.

பட்டியலைப் படிக்கவே மூச்சு வாங்குகிறது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்று இந்த உரிமங்களில் பலவற்றை சிங்பாஸ் வைத்து கோபிசினஸ் இணையவாசலில் வீட்டிலிருந்தே கேட்கலாம். கேள்விகள் எல்லாருக்கும் ஒன்றே. கட்டணம் எழுதியிருக்கிறது. மறுத்தால் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. துபாஷியைத் தேடி அலைந்த கூலித் தாத்தாவின் பேரனுக்கு இது சிறிய விஷயமா? அவன் யாருடைய மகன் என்று அந்தப் படிவம் கேட்பதில்லை.

இங்கே இன்னோர் உண்மையையும் மறைக்கக் கூடாது. பொது ஒழுங்குச் சட்டம் விழாவுக்கு மட்டும் எழுதப்பட்டதில்லை. ஒரு கோரிக்கைக்காக ஒரே ஓர் ஆள் பொது இடத்தில் நின்றாலும் அதற்கு அனுமதி வேண்டும் என்கிறது. 2000ஆம் ஆண்டில் திறந்த ஹாங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனை ஓரளவு விலக்கு. சாமிக்காக நாம் கடன் வாங்கும் சாலை, கோரிக்கைக்காக எளிதில் கடன் கிடைக்காத சாலை. இது சரிதானா என்று குடிமக்கள் தொடர்ந்து பேச வேண்டும் என்பதே என் எண்ணம்.

புளோக்கின் கீழ்த்தளம்

பெரிய விழாவை விட்டுச் சின்ன அனுமதிக்கு வருவோம். சிங்கப்பூரர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது தேவைப்படுகிற அனுமதி, புளோக்கின் கீழ்த்தளத்துக்கான அனுமதி. கம்பம் எனும் கிராமத்தில் கல்யாணமென்றால் வாசலில் பந்தல் போடுவார்கள், பக்கத்து வீட்டிலிருந்து அண்டா வரும். சாவென்றால் யாரிடமும் கேட்கத் தேவையில்லை, ஊரே வந்து நிற்கும். கம்பங்கள் போய் அடுக்குமாடிகள் வந்தபோது, 1970கள் முதல் புளோக்கின் கீழ்த்தளத்தைத் திறந்த வெளியாக விட்டார்கள். 1988 சட்டத்துக்குப் பிறகு அந்த வெளியின் பொறுப்பு நகர மன்றங்களிடம் இருக்கிறது.

இன்று மலாய்க் கல்யாணமும் சீன ஈமச்சடங்கும் தமிழர் வீட்டுக் கருமாதியும் அடுத்தடுத்த வாரங்களில் ஒரே தூண்களுக்கிடையே நடக்கின்றன. நகர மன்றத்தில் இடத்தைப் பதிவுசெய்து, வைப்புத்தொகை கட்டி, மின்சாரத்துக்கும் சுத்தத்துக்கும் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். துக்க வீட்டில் அழுத கண்ணோடு ஒரு மகன் படிவம் நிரப்புவது கொடுமையாகத் தோன்றும். ஆனால் அந்தத் தாள் இருப்பதால்தான் மேல்மாடியில் குடியிருக்கும் சீனக் குடும்பம் நம் பறையோசையைப் பொறுத்துக்கொள்கிறது. அடுத்த மாதம் அவர்களுடைய ஐந்து நாள் விழிப்புச் சடங்கை நாம் பொறுத்துக்கொள்கிறோம். முறை வைத்து வாங்கிக்கொள்ளும் பொறுமை அது.

நாற்பதாம் நாள்

2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷயர் ரோடும் சந்திக்கும் இடத்தில் தமிழ்நாட்டு ஊழியர் ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்தார். அடுத்த சில மணி நேரத்தில் சுமார் 300 பேர் கலவரத்தில் இறங்கினார்கள், வாகனங்கள் எரிந்தன. நாற்பதாண்டுக்கு மேல் கலவரம் காணாத ஊர் அதிர்ந்தது. விசாரணைக் குழு, மதுவையும் ஒரு காரணமாகச் சொன்னது. 2014இல் லிட்டில் இந்தியாவுக்கென்றே ஒரு தற்காலிகச் சட்டம், 2015 ஏப்ரலில் நாடு முழுவதற்குமான மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம். லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாயின.

அந்த நாட்களில் நம்மில் பலருக்கு இருந்த பயம் ஒன்றுதான்: தைப்பூசத்தை நிறுத்திவிடுவார்களோ? 1964இல் ஓர் ஊர்வலத்திலிருந்து என்ன ஆனது என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பயம் இயல்பு. ஆனால் 2014 ஜனவரி 17ஆம் தேதி, கலவரம் நடந்து நாற்பதாம் நாள், அந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் காவடிகள் எப்போதும்போல் போயின. ஓர் இரவு நடந்ததை வைத்து ஒரு நூற்றாண்டு வழக்கத்தை எடை போடவில்லை. சமூகம் ஆண்டாண்டாகச் சாலையைச் சேதமில்லாமல் திருப்பிக் கொடுத்து வந்திருந்தது, அந்த நல்ல பெயர் அன்றைக்குக் கைகொடுத்தது என்றே நான் நம்புகிறேன்.

தவில் திரும்பிய தெரு

2015 தைப்பூசத்தில் மேளம் வாசிப்பதைக் காவலர்கள் நிறுத்தச் சொன்னபோது கைகலப்பு நேர்ந்தது. அது இணையத்தில் பரவியதும் பழைய காயம் மீண்டும் திறந்தது. சீன விழாக்களில் சிங்க நடன மேளம் ஒலிக்கிறதே, நமக்கு மட்டும் ஏன் என்று இளையவர்கள் கேட்டார்கள். ஊர்வலத்தில் இசை கூடாதென்ற விதியை எதிர்த்து உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. மனு தள்ளுபடியானது.

நீதிமன்றத்தில் கிடைக்காதது பேச்சில் கிடைத்தது. அரசும் இந்து அறக்கட்டளை வாரியமும் கோயில்களும் பக்தர்களும் உட்கார்ந்து பேசினார்கள். 2016 தைப்பூசத்தில் ஹேஸ்டிங்ஸ் ரோடு, ஷார்ட் ஸ்திரீட், டோபி காட் பசுமைத் திடல் அருகே என மூன்று இடங்களில் நேரடி இசை அனுமதிக்கப்பட்டது. நாற்பதாண்டுக்கு மேல் வாயடைத்து நின்ற தெருவில் தவில் ஒலித்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் இடங்களும் கூடின, வாசிக்கலாம் என்ற கருவிகளும் கூடின. விதி என்பது கல்வெட்டு இல்லை, திருத்தி எழுதக்கூடிய ஏடு என்பதை அந்த ஆண்டு காட்டியது. கேட்பவர் முறையாகக் கேட்டார், கொடுப்பவர் காது கொடுத்தார், வாங்கியவர் சொன்ன நேரத்தில் நிறுத்தினார். அடுத்த ஆண்டுக்கான அனுமதி அந்த நிறுத்தத்தில் பிறந்தது.

பிறகு கொரோனா வந்தது. 2020 தீபாவளிக்கு விளக்குகள் எரிந்தன, கீழே சந்தை இல்லை. 2021, 2022 தைப்பூசங்களில் நடை ஊர்வலம் இல்லை, காவடி இல்லை. சாலை இருந்தது, கடன் வாங்க ஆள் இல்லை. 2023 பிப்ரவரி 5ஆம் தேதி காவடிகள் திரும்பியபோது சாலையோரம் நின்ற முதியவர்கள் அழுததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தாரின் மேல் நடப்பது நமக்கு எவ்வளவு பெரிய செல்வமென்று.

வந்ததும் போனதும்

கணக்குப் பார்ப்போம். வந்தவை: சமநீதி, பாதுகாப்பு, சுத்தம், முன்கூட்டியே தெரிந்த நேரம். ஆம்புலன்ஸ் போக வழி இருக்கிறது, தொலைந்த குழந்தையைச் சேர்க்க ஓர் இடம் இருக்கிறது. காவடி எடுப்பவர் இணையத்தில் நேரத்தைப் பதிவுசெய்து வருகிறார், மணிக்கணக்கில் வெயிலில் காத்திருந்து மயங்குவது குறைந்திருக்கிறது. பாரிஸின் லா ஷாப்பெலில் ஈழத்தமிழர் இழுக்கும் மாணிக்க விநாயகர் தேரும், லண்டன் ஈலிங்கில் கனகதுர்க்கை அம்மன் தேரும், அந்தந்த நகரத்தாரிடம் அனுமதி வாங்கித்தான் தெருவுக்கு வருகின்றன. ஊர் விட்டு ஊர் போன தமிழன் எங்கும் சாலையைக் கேட்டு வாங்கித்தான் சாமியை வெளியே கொண்டுவருகிறான்.

போனவை: திடீரென்று கூடும் சுகம். நாலு பேர் சேர்ந்து முச்சந்தியில் ஒரு கூத்துப் போட்டுவிட முடியாது. இதில் அடிபடுவது பெரிய சங்கங்கள் இல்லை. லிட்டில் இந்தியா வர்த்தகர், மரபுடைமைச் சங்கத்துக்குப் பொங்கலுக்கு மாடு கொண்டுவந்து நிறுத்தவும் தெருவை மூடவும் அனுபவமும் ஆளும் இருக்கின்றன. ஏழு பேர் கொண்ட நாடகக் குழுவுக்கும், சின்னக் கோயிலின் இளைஞர் அணிக்குமோ, பொறியாளர் கையெழுத்துக்கும் காப்புறுதிக்கும் ஆகும் செலவே கண்ணைக் கட்டும். அவர்கள் தெருவை விட்டு நூலக அரங்குக்கும் சமூக மன்ற மண்டபத்துக்கும் போய்விடுகிறார்கள். 2007 முதல் ஏப்ரல்தோறும் வரும் தமிழ் மொழி விழாவின் நிகழ்ச்சிகளைப் பாருங்கள், பெரும்பாலானவை குளிர்சாதனக் கூரையின்கீழ். வழியே போகிற மலாய்ப் பிள்ளையின் காதில் தமிழ் தற்செயலாக விழும் வாய்ப்பு அங்கே இல்லை. இந்த இழப்புக்கு மருந்து வேண்டும்.

மருந்து நம் கையிலும் இருக்கிறது. ஒவ்வொரு பெரிய விழாவுக்குப் பின்னாலும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். எந்த ஆணையத்துக்கு எப்போது எழுத வேண்டும், எந்த வரைபடத்தில் எந்த வாயிலைக் குறிக்க வேண்டும், எந்த அதிகாரியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவர்களுக்கு மனப்பாடம். பலருக்குத் தலை நரைத்துவிட்டது. அந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. கோலம் போடவும் காவடி கட்டவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுப்பதில்லை. இந்த நாட்டில் விழாவின் முதல் சடங்கு விண்ணப்பம். அதைத் தெரியாத தலைமுறை கையில் விழாவைக் கொடுத்துவிட்டுப் போனால், ஒரு நாள் கேட்க ஆள் இல்லாமலே அது நின்றுபோகும்.

ஆகவே பெரிய சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பழைய விண்ணப்பங்களையும் வரைபடங்களையும் நிபந்தனைக் கடிதங்களையும் சின்னக் குழுக்களுக்குத் திறந்து காட்டுங்கள். உங்கள் மேடை ஏறுவதற்கு முந்தைய மாலையில் அதே மேடையை அவர்களுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். அனுமதி ஏற்கெனவே இருக்கிறது, விளக்கும் எரிகிறது. இளையவர்களிடமும் ஒன்று: அடுத்த தைப்பூசத்துக்குத் தொண்டூழியராகப் பெயர் கொடுக்கும்போது, தண்ணீர் கொடுக்கும் மேசையை மட்டும் கேட்காதீர்கள். படிவம் நிரப்பும் மேசையில் ஒரு நாற்காலி கேளுங்கள். விழா முடிந்த இரவில் கடைசித் தடுப்பு ஏறும்வரை நின்று, சாலையைக் கூட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். சுத்தமாகத் திருப்பிக் கொடுத்த சாலை அடுத்த ஆண்டும் கிடைக்கும்.